சூனியக்காரி வீட்டுக் காலிப்பானை

'மருந்து' என்ற சொல் தமிழில் எத்தனை வேலை பார்க்கிறது என்று முதுகலை மாணவிகளிடம் கேட்பதுண்டு. காய்ச்சலுக்குக் கொடுப்பது மருந்து. துப்பாக்கிக்குள் கிட்டிப்பது வெடிமருந்து. எங்கள் ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலில் கவாத்து முடிந்த பிறகு தெளிப்பதும் மருந்துதான். "இன்னைக்கு மருந்தடிக்கிற நாளு" என்றால் பிள்ளைகளைத் தோட்டத்துப் பக்கம் விடமாட்டார்கள். "அவ மருந்தக் குடிச்சிட்டா" என்று யாராவது ஓடிவந்து சொன்னால், எந்த நோய்க்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த நான்கையும் மாணவிகள் சொல்லிவிடுவார்கள். ஐந்தாவதைச் சொல்ல வகுப்பில் ஒரு தயக்கம் வரும். அது இடுமருந்து. கணவனை வசப்படுத்த மனைவி சோற்றில் கலந்துவிட்டதாகச் சொல்லப்படும் பொருள். "மருந்து வச்சிட்டா" என்ற வாக்கியத்துக்கு எழுவாய் தேவையே இல்லை. விகுதியே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்குப் பெயர் மருந்து. அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது: எவ்வளவு உண்பது, எப்போது உண்பது. மருந்து அடுப்படியோடு ஒட்டிய சொல் என்பது இதில் தெரிகிறது. அடுப்படி யார் பொறுப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு வீடியோ கேம். மைன்கிராஃப்ட். ஸ்வீடனில் உருவாகி, 2011 நவம்பரில் முழுமையாக வெளியாகி, 2014இல் 250 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போன விளையாட்டு. கட்டம் கட்டமான நிலம், கட்டம் கட்டமான மரம், கட்டம் கட்டமான ஆடுமாடு. இதைச் செய், அதைச் செய் என்று விரட்டும் கட்டளைகள் கிடையாது. வெட்டலாம், கட்டலாம், விதைக்கலாம், சமைக்கலாம். ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகள் விடுமுறை முழுவதும் மடிக்கணினியில் அதற்குள்ளேயே குடியிருந்தாள். இலக்கியம் படித்தவர்கள் சினிமாவை விமர்சிக்கக் கற்றுக்கொண்டு வெகுநாளாகிறது. பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் வாசிக்கும் இந்தப் பிரதியை மட்டும் நாம் ஏன் தொடுவதில்லை?

விளையாட்டில் மருந்து காய்ச்சும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ருசியான பகுதி அதுதான். முதலில் 'நெதர்' என்ற பாதாள உலகத்துக்குப் போக வேண்டும். அங்கே 'ப்ளேஸ்' என்ற நெருப்புப் பிராணியைக் கொன்று அதன் கோலை எடுத்துவர வேண்டும். அந்தக் கோல் ஒன்று, கருங்கல் போன்ற கல் மூன்று. சேர்த்தால் 'ப்ரூயிங் ஸ்டாண்டு', அதாவது காய்ச்சும் தாங்கி. அதே கோலை இடித்த பொடிதான் எரிபொருள். ஒரு சிட்டிகை இருபது காய்ச்சலுக்கு வரும். அடியில் மூன்று தண்ணீர்க்குப்பிகள். முதலில் போடுவது நெதரில் விளையும் 'நெதர் வார்ட்'. இருபது வினாடியில் கிடைப்பதற்கு 'அக்வர்ட் போஷன்' என்று பெயர். குடித்தால் ஒரு பலனும் இல்லை. கூச்சத்தோடு வாசலில் நிற்கும் மருந்து. ஆனால் அது இல்லாமல் அநேகமாக எந்த மருந்தும் இல்லை. நம் வீட்டில் சுக்குத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்க, மேலே எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது சளிக்கோ செரிமானத்துக்கோ ஆவதுபோல, இந்த அடிமருந்தில் சர்க்கரை போட்டால் கால் வேகம் கூடும். பொன்முலாம் பூசிய தர்ப்பூசணித் துண்டு போட்டால் காயம் ஆறும். பொன் கேரட் போட்டால் இருட்டில் மூன்று நிமிடம் கண் தெரியும். மேலே 'ரெட்ஸ்டோன்' தூள் சேர்த்தால் அந்த மூன்று நிமிடம் எட்டாகும். வேக மருந்தில் 'க்ளோஸ்டோன்' தூள் சேர்த்தால் வீரியம் ஏறும், நேரம் பாதியாகும். வீரியமும் வேண்டும் நீடிக்கவும் வேண்டும் என்றால் நடக்காது. வெடிமருந்து சேர்த்தால் குடிக்கும் மருந்து, வீசும் மருந்தாகிவிடும். தமிழ் அறியாத யாரோ எழுதிய விதி இது. ஆனாலும் மருந்தும் வெடிமருந்தும் ஒரே குப்பிக்குள் போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு சரக்கு இருக்கிறது. சிலந்திக் கண்ணைச் சர்க்கரையோடும் பழுப்புக் காளானோடும் புளிக்கவைத்தது. இதைச் சேர்த்தால் மருந்து தலைகீழாகும். ஆற்றும் மருந்து அடிக்கும் மருந்தாகும். இரவில் பார்வை தருவது, பார்ப்பவரையே பிறர் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும். ஆற்றும் மருந்தை ஸோம்பிமேல் வீசினால் அதற்குக் காயம். அடிக்கும் மருந்தை வீசினால் அது தேறிவிடும். எது மருந்து, எது நஞ்சு என்பது குப்பியில் இல்லை, வாங்குகிற உடம்பில் இருக்கிறது. கைமருந்து தெரிந்த எந்தக் கிழவியும் இதை மறுக்கமாட்டாள்.

தச்சு வேலைக்கும் உலை வேலைக்கும் விளையாட்டே ஒரு செய்முறைப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறது. மருந்துக்கு அது இல்லை. தெரிந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பெண் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். பள்ளித் தோழி ஒருத்தி சொன்னதாம். என் அம்மாவின் பிரசவ லேகியக் குறிப்பும் இப்படித்தான் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் கிடந்தது. பதினெண் சித்தர் பட்டியலில் மருத்துவச்சி ஒருத்தியும் இல்லை. அவர்களுடைய பிரதிகள் இந்தக் கடைசிப் பக்கங்கள்தான்.

இதுவரைக்கும் எனக்குப் புகார் இல்லை. விளையாடுகிறவள் காய்ச்சலாம், குடிக்கலாம், வீசலாம். யாரும் அவள்மேல் சந்தேகப்பட மாட்டார்கள். குப்பிமேல் பெயரும் நேரமும் எழுதியிருக்கும். சமைப்பவளின் கையை இத்தனை கண்ணியமாக நடத்தும் உலகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

சிக்கல் அந்த உலகத்தின் மற்ற குடிகளிடம் இருக்கிறது. காய்ச்சும் தாங்கி அங்கே யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கிராமத்துத் தேவாலயத்தில், ஊதா அங்கி போட்ட பாதிரியிடம். 2019 முதல் அந்தத் தாங்கிதான் அவருடைய தொழில் அடையாளம். அதன் அருகே ஒரு வேலையற்ற கிராமவாசி போய் நின்றால் பாதிரி ஆகிவிடுவார். வேடிக்கை என்னவென்றால் அவர் ஒருநாளும் மருந்து காய்ச்சுவதில்லை. ஒரு சொட்டுக்கூட. ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில், கால் நட்ட ஒரு மரக்குடிசை. அதில் ஒருத்தி. கூர்தொப்பி, மூக்கில் மரு, கூடவே கறுப்புப் பூனை. 2012இல் வந்து சேர்ந்த சூனியக்காரி. மருந்தோடு பிறந்தவள் அவள்தான். தீப்பிடித்தால் தீத்தாங்கும் மருந்து குடிக்கிறாள், அடிபட்டால் ஆற்றும் மருந்து குடிக்கிறாள், எதிரிமேல் விஷம் வீசுகிறாள். கொள்ளைக்கூட்டத்தோடு வரும்போது தன் கூட்டத்தாருக்கு மருந்து வீசிக் காயம் ஆற்றவும் செய்கிறாள். ஆனால் அவள் குடிசையில் தாங்கி இல்லை. ஒரு பானை இருக்கிறது. எங்கள் பெண் ஆடும் கணினிப் பதிப்பில் அது காலி.

"அவகிட்ட ஸ்டாண்டே இல்ல சித்தி. பெறகு எப்படி மருந்து வருது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. விளையாட்டை எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சூனியக்காரி என்றால் மருந்து அவளிடமிருந்து தானாகவே வரும் என்று நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கை குறிமுறையாகவும் ஆகிவிட்டது. அறிவு என்றால் கருவி வேண்டும், சரக்கு வேண்டும், பயிற்சி வேண்டும். சூனியத்துக்கு எதுவும் வேண்டாம், பெண்ணாயிருந்தால் போதும். இந்த உலகத்தில் ஆண் பெண் பேதமே கிடையாது என்று இதைப் படைத்த மார்கஸ் பெர்சன் 2012இல் எழுதியிருந்தார். பேதமற்ற அந்த உலகத்தில் ஆடுகிறவருக்கு அப்போது இயல்பாகக் கிடைத்த ஒரே முகம் ஸ்டீவ். அலெக்ஸ் வந்து சேர 2014 ஆயிற்று. சூனியக்காரி அலெக்ஸுக்கு முந்தியே வந்துவிட்டாள்.

அவளிடமிருந்து என்ன கிடைக்கிறது என்பதுதான் என்னை அதிகம் உலுக்கியது. அவளைக் கொன்றால் கீழே விழக்கூடியவை: கண்ணாடிக்குப்பி, சர்க்கரை, சிலந்திக் கண், வெடிமருந்து, ரெட்ஸ்டோன், க்ளோஸ்டோன், குச்சி. ஓர் அஞ்சறைப்பெட்டி. இதில் ரெட்ஸ்டோனும் க்ளோஸ்டோனும் பாதிரியிடமும் கிடைக்கும். அவருக்கு மரகதம் கொடுத்து வாங்க வேண்டும், பேரம் உண்டு, பழகப் பழகப் புதுச் சரக்கு காட்டுவார். அதே தூள். ஒருவரிடம் விலை கொடுத்து வாங்குகிறோம், இன்னொருத்தியிடம் கொன்று எடுத்துக்கொள்கிறோம். அவளோடு வியாபாரம் செய்ய வழியே வைக்கவில்லை. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இன்னும் ஒருபடி போய், அவள் குடிசை இருந்த இடத்திலேயே ஓர் இயந்திரம் கட்டுகிறார்கள். சூனியக்காரிகள் அங்கே வரிசையாகத் தோன்றித் தோன்றிச் செத்து, சரக்கு மட்டும் பெட்டியில் வந்து விழும். இதற்குப் பெயர் 'விட்ச் ஃபார்ம்'. பண்ணை!

கலிங்கத்துப்பரணி நடத்தும்போது இந்தப் பண்ணை எனக்கு நினைவுக்கு வருகிறது. செயங்கொண்டாரின் பேய்கள் போர்க்களத்தில் காளிக்குக் கூழ் அடுகின்றன. செத்த வீரர்களின் பல் அரிசி, முரசு உரல், யானைக் கொம்பு உலக்கை. குத்தும்போது வள்ளைப்பாட்டு. வள்ளைப்பாட்டு உரலடியில் பெண்கள் பாடுவது. கருணாகரத் தொண்டைமான் வெட்டிப் போட்டதற்கெல்லாம் பெயர் வெற்றி. கிடக்கும் உடம்புகளை வைத்துச் சமைத்தவர்கள் பேய்கள். நம் பாடத்திட்டத்தில் அந்தப் பகுதிக்கு நகைச்சுவை என்றும் அச்சம் என்றும் மெய்ப்பாடு எழுதவைக்கிறோம். கொன்றவன் கையைப் பற்றிக் கேள்வி வருவதே இல்லை.

நம்மூருக்கு வருகிறேன். தேனிப் பக்கம் கோடாங்கிக்கு மரியாதை உண்டு. உடுக்கடித்துக் குறி சொல்வார், தட்சணை வைப்பார்கள். மந்திரவாதி என்ற சொல்லிலும் ஓர் அச்சம் கலந்த மதிப்பு இருக்கிறது. சூனியக்காரி என்பது வசை மட்டும்தான். இடுமருந்து எடுப்பவரும் இந்தத் தேவாலயப் பாதிரிக்கு உறவு. வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சி எடுப்பதாகச் சொல்வார்கள், பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியில் எடுப்பதாகவும் சொல்வார்கள். வெளியே வந்ததாகக் காட்டும் உருண்டையை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்புவதில்லை; நேரே மருமகளின் முகத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். நோயின் குறிகள் என்ன? அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறான். தனிக்குடித்தனம் போகலாம் என்கிறான். சம்பளத்தை அவளிடம் கொடுக்கிறான். இவ்வளவுதான். மனைவியை மதிக்கும் ஆண் ஒரு நோயாளி என்று ஒரு சமூகமே நம்பி, அதற்கு வைத்தியமும் பார்க்கிறது. எங்கள் தெருவில் ஒருத்தி, இப்படி ஓர் 'எடுப்பு' நடந்த பிறகு, தான் வைத்த குழம்பை மாமியார் முன்னால் முதலில் தானே தின்றுகாட்டிவிட்டுத்தான் பரிமாறுவாள். பதினோரு வருஷம். அவள் கைமணத்தைப் புகழாத ஆள் அந்த வீட்டில் கிடையாது.

சங்க அகப்பாடல்களில் மகள் மெலிந்தால் தாய் வேலனை அழைத்து வெறியாடவைக்கிறாள். நோய் காதல் என்பது தோழிக்குத் தெரியும், கேட்கும் நமக்கும் தெரியும். வேலனுக்கு மட்டும் தெரியாது. பெண் காதலித்தால் தெய்வம் அணங்கிற்று, ஆண் காதலித்தால் பெண் மருந்து வைத்தாள். வேலனின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்க அந்தப் பாடல்களிலாவது ஒரு தோழி இருந்தாள்.

"ஸோம்பியையும்தான மேடம் கொல்றோம், விளையாட்டுதான?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, அங்கேதான் வேறுபாடு. கிராமவாசி ஒருவர் ஸோம்பி ஆகிவிட்டால் அவரை மீட்க வழி இருக்கிறது. பலவீன மருந்தை அவர்மேல் வீச வேண்டும். நெதர் வார்ட் இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே காய்ச்சக்கூடிய எளிய மருந்து அது. பிறகு ஒரு பொன் ஆப்பிள் ஊட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் நடுங்குவார். பழையபடி மனிதராகிவிடுவார், மீட்டவருக்கு விலையும் குறைத்துத் தருவார். இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த செய்முறை இது. முதலில் பலத்தை இறக்கி, பிறகு ஊட்டிக் குணமாக்குவது. ஆளைத் தின்ன வந்தவருக்கு இவ்வளவு கருணை. அதே கிராமவாசிக்குப் பக்கத்தில் இடி விழுந்தால் சூனியக்காரி ஆகிவிடுவார். அதற்கு மாற்று மருந்து இல்லை. பலவீனமும் பொன் ஆப்பிளும் அவளிடம் செல்லாது. ஸோம்பிக்குத் திரும்பும் பாதை உண்டு, சூனியக்காரிக்குக் கிடையாது.

இடி விழுவது அவள் குற்றமா? மாடு செத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, மழை பொய்த்தது என்பதற்காக ஒருத்தியை 'டாயன்' என்று பட்டம் கட்டி அடித்துத் துரத்தும் வழக்கத்தைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படிப் பட்டம் கட்டப்பட்டுத் தப்பியவர் ஜார்க்கண்டின் சுட்னி தேவி. பிறகு மற்றப் பெண்களை மீட்பதே அவர் வேலையாயிற்று. 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு அசாமின் பிருபாலா ராபாவுக்கும், இதே வேலைக்காக. திரும்பும் பாதையை இவர்கள்தான் வெட்டினார்கள். பொன் ஆப்பிள் யாரும் கொண்டுவந்து தரவில்லை.

எங்கள் பெண்ணின் உலகத்தில் சதுப்பு நிலத்துக் குடிசை இன்னும் இடிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு ப்ளேஸ் கோலைச் செலவழித்து உள்ளே ஒரு தாங்கி வைத்திருக்கிறாள். பக்கத்தில் மூன்று தண்ணீர்க்குப்பி.

"அவளுக்கு அத எப்படிப் போடணும்னு தெரியாது சித்தி. அவ புரோகிராம்ல அது இல்ல. சும்மா வச்சிருக்கேன்."