குறி தவறிய தோட்டா எங்கே போகிறது?

வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போய் அவமானப்பட்டுத் திரும்பும் மனிதர்களின் நகைச்சுவைக் கதைகளுக்கு ஆதரவாக ஒரு வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. இவற்றில் தோற்பவன் மனிதன், வெல்வது காடும் ஆறும், ஆகவே இது இயற்கையின் பக்கம் நிற்கும் எழுத்து என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் பேட்ரிக் மெக்மேனஸின் வாசகர்கள் இதை மிகுந்த அன்போடு சொல்வார்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. வாதத்தை ஏற்க முடியவில்லை.

மெக்மேனஸ் திறமைசாலி. ஐடஹோ மாநிலத்தில் வறுமையில் வளர்ந்த பையனின் பார்வையும், குளிப்பதையே வெறுக்கும் காட்டுக்கிழவன் ரான்சிட் கிராப்ட்ரீயும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. துப்பாக்கியும் தூண்டிலும் விளம்பரமாக நிறைந்திருக்கும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாமான் வாங்கினால் வேட்டைக்காரன் ஆகிவிடலாம் என்ற நினைப்பையே அவர் கேலி செய்தார். அவருக்கு முன் எட் செர்ன் ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் செய்ததும் அதுதான். வேண்டிய வேலை, நன்றாகவே செய்தார்கள்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் சுடத் தெரியாதவன் சுடுகிறான். தோட்டா மரத்தில் பாயும், தொப்பியைத் துளைக்கும், அல்லது காற்றோடு போய்விடும். விலங்கின் வயிற்றில் மட்டும் ஒருபோதும் பாயாது. மெக்மேனஸின் புகழ்பெற்ற கதை ஒன்றில், செத்துவிட்டதாக நினைத்துச் சைக்கிளில் ஏற்றிக் கட்டிய மான் வழியில் விழித்துக்கொள்கிறது. மானும் சைக்கிளும் பையனுமாகச் சேர்ந்து நடக்கும் அமளியில் சிரிக்காமல் இருக்க முடியாது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்காக அங்கே மறைக்கப்படுவது என்ன? கைத்திறன் இல்லாத ஒருவன் சுட்டால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியும். காலுடைந்த மான் புதருக்குள் போகும். தாடை சிதைந்த மான் தின்ன முடியாமல் பல நாள் கழித்துச் சாகும். அதனால்தான், அடிபட்ட விலங்கை ரத்தத் தடம் பார்த்துப் பின்தொடர்ந்து போய் அதன் வேதனையை முடிக்க வேண்டும் என்பதை வேட்டைக்காரர்கள் தங்கள் முதற்கடமையாக வைத்திருக்கிறார்கள். நகைச்சுவைக் கதையோ, துப்பாக்கி வெடித்த மறுகணமே வேட்டைக்காரனின் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சம்பாவத் பெண்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்ற அந்தப் புலியை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907இல் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதியாக, கீழ்ப்பல் எலும்புவரை. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்தான் அது மனிதரைத் தேடியது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவன் சுட்டிருக்கிறான். குறி சற்றே தவறியிருக்கிறது. அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, புலி தப்பியோடியதை அவன் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பான் என்றே நான் நினைக்கிறேன். நம் நகைச்சுவை எழுத்தாளர்கள் எழுதுவது அவன் சொன்ன பாதியை மட்டுமே.

மீன் கதைகளும் அப்படித்தான். தப்பிய மீனின் நீளத்தை வைத்து எத்தனை கதைகள்! தூண்டில் முள் ஆளின் காதில் மாட்டினால் அரைப் பக்கத்துக்கு அலறல். நரம்பை அறுத்துக்கொண்டு போன மீனின் தொண்டைக்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. அதற்கு ஒரு வரி கிடையாது.

சிரிப்புக்கதையின் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றிக் காட்டியவர்கள் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் நாவல் நாயகன் தார்தாரேன் சிங்க வேட்டைக்கென்று அல்ஜீரியாவுக்குப் போய், பிச்சை வாங்குவதற்காகத் தெருவில் நடத்திக் கூட்டிவரப்பட்ட, கண் தெரியாத, பழகிய சிங்கத்தைச் சுடுகிறான். வழக்கு வருகிறது, தண்டம் கட்டுகிறான், கட்டுவதற்காகத் தன் ஆயுதங்களையே விற்கிறான். அந்தச் சிங்கத்தின் தோல் அவனுக்கு முன்னே ஊர் போய்ச் சேர்ந்து அவனை வீரனாக்கிவிடுகிறது. 1872இல் வந்த அந்த நாவலில் சிரிப்பு சிங்கத்தின் பிணத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, அதன் மேலேயே நிற்கிறது. தாமஸ் பேங்ஸ் தோர்ப் 1841இல் எழுதிய ஆர்கன்சாஸ் கரடிக் கதையில், அத்தனை அளப்புக்கும் பிறகு கரடி தானாக வந்து எளிதாகச் செத்துப்போனதை வேட்டைக்காரனால் ஜீரணிக்க முடிவதில்லை. கேட்டவர்களும் பேச்சற்றுப் போகிறார்கள். செகாவோ 1885இல் எழுதிய ஒரு மீன் கதையில், தச்சர்கள், ஆட்டிடையன், வண்டிக்காரன், கடைசியில் பண்ணையார் வரை ஆற்றில் இறங்கி, வேர்களுக்கடியிலிருக்கும் ஒரே மீனை வெறுங்கையால் பிடிக்கிறார்கள். தூக்கிப் பார்த்து ரசிக்கும்போது அது வாலை அடித்து நழுவிவிடுகிறது. அங்கே மனிதர்கள் தோற்றார்கள் என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. மீன் முழு மீனாகவே போகிறது.

மெக்மேனஸுக்கு இப்படி எழுத வராது என்று நான் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியோடு கிளம்பவிருந்த வாசகனுக்காக அவர் எழுதினார், அவனுக்கு உறுத்தாதபடி எழுதினார். ரான்சிட் கிராப்ட்ரீ தான் காயப்படுத்திய மானின் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை திட்டிக்கொண்டே அலையும் ஒரு கதையை அவர் எழுதியிருந்தால், அதற்காக மற்றத் தொகுப்புகளில் பாதியை நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பேன்.