செண்டுமல்லியின் காலப்பிரமாணம்

தக்காளித் தோட்டத்தில் செண்டுமல்லியைக் கண்டால் அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அழகுதான். ஆனால் அதை ரசிக்கப் பூவை மட்டும் பார்த்தால் போதாது, கணக்கையும் பார்க்க வேண்டும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. நடுகிற அன்று தக்காளி நாற்றுக்கு வயது 25 நாள், செண்டுமல்லிக்கு 45 நாள்.

வித்தையெல்லாம் அந்த 20 நாள் வித்தியாசத்தில் இருக்கிறது. தக்காளி பூவெடுக்கும்போது செண்டுமல்லியும் பூத்து நிற்க வேண்டும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட வரும்போது மஞ்சள் பூ அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பூ பிந்தினால், காய்க்குள் தலையை விட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும் புழுவைத் தக்காளியில்தான் பார்க்க வேண்டிவரும். பாட்டுக்குக் காலப்பிரமாணம் போல இதற்கு நாள்கணக்கு. மூலையில் ஒற்றைச் செடியை ஊன்றிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வரப்போர ஆமணக்கின் அழகு வேறு மாதிரி. புரோடீனியா அந்துப்பூச்சி அதன் இலையில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் போர்த்திவிட்டுப் போகும். பொரிந்த குஞ்சுகள் முதல் சில நாள் கலையாமல், ஒரே இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். வெளுத்த அந்த இலை தூரத்திலிருந்தே தெரியும். கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே வீச்சில் போகும். கிள்ளாமல் விட்டால், ஆமணக்கே புழுவளர்க்கும் பண்ணையாகிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது கத்தரிக்குப் பக்கத்துத் தட்டைப்பயறு. அதன் கொழுந்தில் அப்பும் கறுப்பு அசுவினிக்குப் பயறு வகைதான் இஷ்டம். அதைத் தின்ன வரும் பொறிவண்டு அங்கேயே பெருகி, கத்தரியில் ஏறும் அசுவினியையும் கவனித்துக்கொள்ளும். பொறிவண்டின் குஞ்சு தாயைப் போல உருண்டையாக இராது. நீண்டு, கறுத்து, ஆறு காலில் ஓடும். புழு என்று நசுக்கிவிடாத கண் வேண்டும்.

பூச்சியே இல்லாத தோட்டம் என்று பெருமை பேசுவோரிடம் எனக்கு ஈடுபாடில்லை. எந்தப் பூச்சிக்கு எங்கே பந்தி போடுவது என்று தெரிந்தவரே இதில் கைகாரர். அவரை அடையாளம் காணப் பூவரிசையைவிட ஆமணக்கைப் பாருங்கள்: கிள்ளிய இலைக்காம்புகள் தெரிந்தால், தினமும் ஒரு நடை வந்து பார்க்கிற ஆள் அங்கே இருக்கிறார்.