இரண்டாம் முறையும் கிழிந்ததா? எலும்பை அளந்து பாருங்கள்

2011 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் வில்லாரியல் முன்கள வீரர் ஜுசெப்பே ரோஸிக்கு வலது முழங்காலில் ஏசிஎல் என்னும் முன்பக்கச் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சிக்குத் திரும்பியவருக்கு அடுத்த ஏப்ரலிலேயே அதே முழங்கால் மறுபடி போனது. அந்த ஆண்டு யூரோ கோப்பையில் இத்தாலி இறுதிப்போட்டி வரை சென்றது. ரோஸி அணியில் இல்லை.

இப்படிச் செய்தி வந்தால், அவசரப்பட்டுக் களமிறங்கிவிட்டார் என்போம். பிசியோவையும் மைதானத்தையும் குறை சொல்வோம். பல நேரம் அது சரிதான். ரோஸிக்கு எலும்புதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டாம் முறை கிழியும்போது கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது?

அந்தத் தளம் எல்லோருக்குமே கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 10 டிகிரி. சிலருக்கு 12-ஐத் தாண்டும். எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கும், கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்துவது ஏசிஎல். பிரான்ஸின் லியோன் நகர மருத்துவர் ஆன்ரி டெஜூரும் அவர் சகாவும் 1994-ல் இதை எக்ஸ்ரேயில் அளந்தார்கள். சரிவு 10 டிகிரி கூடினால், ஒற்றைக் காலில் சும்மா நிற்கும்போதே கீழ்க்கால் எலும்பு 6 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் வருகிறது. கபடியில் ரெய்டர் சட்டென்று வெட்டித் திரும்பும்போது அந்தத் தசைநார் என்ன பாடுபடும்! சரிவில் நிற்கும் வண்டிக்குக் கயிற்றை மட்டும் மாற்றிக் கட்டி என்ன பயன்?

ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சிட்னி மருத்துவர்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு என்னை உலுக்கியது. சரிவு 12 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த பதின்வயதினரில், புதிதாகப் பொருத்திய தசைநார் தாக்குப்பிடித்தது 22 சதவீதம் பேருக்குத்தான்.

இதற்கு வழி, எலும்பின் சரிவையே குறைப்பது. முட்டிக்குக் கீழே முன்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, பின்பக்க எலும்பை முறியாமல் கீல் போல விட்டு, இடைவெளியை மூடி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குகிறார்கள். கால்நடை மருத்துவர்கள் இதே தத்துவத்தில் எப்போதோ இறங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் பார்க்லே ஸ்லோகம் நாய்களுக்கு எலும்பை வெட்டிச் சரிவைக் குறைக்கும் முறையை 1993-லேயே வெளியிட்டார்.

முதல் முறை கிழிந்தவர்கள் எல்லோரும் எலும்பை வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. முட்டி ஏற்கெனவே பின்னோக்கி வளைபவர்களுக்கு இது ஆபத்து. வளைவு இன்னும் கூடிவிடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பின்பக்கச் சிலுவைத் தசைநார் பாரம் சுமக்கும். களம் திரும்பவும் பல மாதங்கள் ஆகும்.

ஆனால் அளந்து பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. பக்கவாட்டில் எடுத்த ஒரு எக்ஸ்ரே போதும். மறுபடி கிழிந்த முட்டியோடு வரும் பிள்ளையின் பெற்றோரே, பயிற்சியாளரே, அடுத்த அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் அந்த டிகிரியைக் கேட்டு வாங்குங்கள்.