நீட்டிப்புக் கையெழுத்தின் விலை

தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றால் போதும். ஐந்தாவது ஆட்டத்தில் பந்து எங்கே ஓடினாலும் கேமரா உரிமையாளர் உட்கார்ந்திருக்கும் மாடத்தைத் தேடிப் போய்விடும். மேனேஜர் கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி எல்லைக்கோட்டில் நிற்பார். வர்ணனையாளர் அந்தக் கணக்கை எடுப்பார்: ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டரை வருடம் பாக்கி, இப்போது அனுப்பினால் இத்தனை மில்லியன் பவுண்டு, அதனால்தான் கிளப் தயங்குகிறது. இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீகை விழித்திருந்து பார்க்கும் நாமும் அந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டு மறுநாள் முழுக்க அதையே பேசுகிறோம். நாம் தப்பான செலவை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

மேனேஜரின் ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கானது. நடுவில் அனுப்பினால் மிச்சச் சம்பளத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் இல்லை என்பதுபோல முன்கூட்டியே வரம்பு எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. மாதாமாதம் கொடுத்துவந்து, வேறு வேலை கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், செட்-பீஸ் பயிற்சியாளர் என்று கூடவே வந்தவர்கள் பெரும்பாலும் கூடவே போவார்கள்; அவர்கள் கணக்கையும் தீர்க்க வேண்டும். வரப்போகிறவர் இன்னொரு கிளப்பில் வேலையில் இருந்தால் அங்கேயும் இழப்பீடு. கூட்டினால் பெரிய தொகைதான். ஆனாலும் அது ஒரு தடவை வந்துபோகும் தொகை. ஆண்டுக் கணக்கில் தனி வரியாக எழுதி மூடிவிடலாம்.

மூட முடியாத செலவு ஆடுகளத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரே ஒரு ஆட்டக்காரரைக் கவனித்தால் போதும். இந்த சீசன் முழுக்க என் கண் அவரை விட்டு நகரவில்லை. பெயர் வேண்டாம். இடது விங்-பேக். முந்தைய மேனேஜர் பின்வரிசையில் மூன்று பேரை வைத்து ஆடியவர். அந்த ஆட்டத்துக்கென்றே அவரைத் தேடிப்பிடித்து வாங்கினார். அப்போது அவர் ஆடிய விதம் நினைவிருக்கும். எதிரணியின் வலது பக்கத்துக்காரருக்குப் பந்து வரும் முன்பே இவர் பாய்ந்திருப்பார். பாய முடிந்ததற்குக் காரணம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மூன்று பேரில் இடது ஓரத்தில் நின்ற தடுப்பாட்டக்காரர் இவர் விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்துவிடுவார். தப்பினாலும் பிடிக்க ஆள் உண்டு.

புதியவர் பின்வரிசையை நான்காக்கினார். இப்போது இவர் லெஃப்ட்-பேக். பந்து அந்தப் பக்கம் வரும்போது அவருடைய தலையை மட்டும் பாருங்கள். பாயும் முன் ஒரு தடவை இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாரும் இல்லை. அந்த அரை விநாடியில் எதிராளி உள்ளே திரும்பிவிடுகிறார், இவர் துரத்துகிறார், மஞ்சள் அட்டை வாங்குகிறார். அறுபதாவது நிமிடத்தில் பலகையில் இவர் எண் எரிகிறது. ‘ஃபார்ம் போய்விட்டது’ என்கிறது வர்ணனை. எதுவும் போகவில்லை. அவரை வாங்கியபோது கூடவே வாங்கிய ஆட்டமுறையைத்தான் கலைத்துவிட்டார்கள்.

இனி பணக் கணக்கு. ஒருவரை 40 மில்லியன் பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கிளப் புத்தகத்தில் அது வருடத்துக்கு 8 மில்லியனாகப் பிரிந்து நிற்கும். இரண்டு வருடத்தில் மேனேஜர் போகிறார். ஆட்டக்காரரின் மதிப்பு புத்தகத்தில் இன்னும் 24 மில்லியன். பெஞ்சில் உட்கார்ந்தவரைச் சந்தையில் 15க்குக் கேட்டால் அந்த நிமிடமே 9 மில்லியன் நஷ்டம். விற்காவிட்டால் அந்த 8 மில்லியனும் சம்பளமும் வருடாவருடம் ஓடும். இப்படி ஒருவர் இல்லை, மூன்று நான்கு பேர் இருப்பார்கள். மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியை மீறியதற்காக 2023-24 சீசனில் கிளப்புகளின் புள்ளிகள் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மேனேஜருக்குக் கொடுத்தனுப்பும் காசோலையைவிட, அவர் விட்டுப்போகும் அணிதான் கிளப்பின் கழுத்தை இறுக்குகிறது.

அப்படியானால் இந்த விங்-பேக்கின் கிளப்பில் தவறு எந்த நாளில் நடந்தது? பிரிவு அறிக்கை வெளியான நாளில் இல்லை. அதற்குப் பத்து மாதம் முன்னால், ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த வாரத்தில், கையில் புது ஒப்பந்தத்தோடு மேனேஜரும் தலைவரும் சிரித்தபடி நின்ற படம் வந்ததே, அன்றைக்கு நடந்தது. பழைய ஒப்பந்தத்திலேயே ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த கோடையில் அவருடைய முறைக்கென்று இன்னும் மூன்று பேரை வாங்கினார்கள்.

நீட்டிப்புக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீண்ட ஒப்பந்தம் இருந்தால் பெரிய கிளப் அவரைத் தூக்கிப்போகும்போது கூடுதல் இழப்பீடு கேட்கலாம். அதற்கு விடுவிப்புத் தொகையை எண்ணாக எழுதிவைத்தால் போதுமே. ‘ஒப்பந்தம் முடியப்போகிறவரை டிரெஸ்ஸிங் ரூம் மதிக்காது’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள் மதிப்பது சனிக்கிழமை பதினொரு பேரில் யார் என்று தீர்மானிக்கிறவரை.

நீக்குவதால் ஆட்டம் மாறுகிறதா என்றால், நெதர்லாந்து லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களைப் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் அலசி 2011இல் வெளியிட்டார். நீக்கிய பிறகு அணிகள் மேலே வந்தன, உண்மை. ஆனால் அதேபோல் சரிந்தும் மேனேஜரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மேலே வந்தன. சரிவின் அடிமட்டத்தில் ஆளை மாற்றினால் ஏற்றம் புதியவர் கணக்கில் விழுகிறது.

இத்தாலியர்களுக்கு இதில் வேறொரு பழக்கம் உண்டு. அங்கே நீக்கப்பட்டவரின் ஒப்பந்தம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், சம்பளமும் ஓடும். புதியவர் தேறாவிட்டால் வீட்டில் இருக்கும் பழையவரையே திரும்பக் கூப்பிடுவார்கள். அவருக்காக வாங்கிய ஆட்டக்காரர்களுக்கு மறுபடி வேலை வரும். நாம் இதைக் குழப்பம் என்கிறோம். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது.

பிரேசில் 2021இல் ஒரு சீசனுக்கு ஒரு நீக்கம்தான் என்று முதல்நிலை லீகில் விதி போட்டுப் பார்த்தது. ‘இருதரப்பு சம்மதம்’ என்று எழுதி மேனேஜர்கள் பிரிந்தார்கள். மறு வருடமே விதி போய்விட்டது. இங்கிலாந்தில் அப்படி ஒரு விதி வரவே வராது. மாற்றம் கணக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஆட்டக்காரர், பயிற்சியாளர் சம்பளம், டிரான்ஸ்பர் செலவு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2025-26இல் நெருக்கிவிட்டது. இந்த நெருக்கடியில் ஒப்பந்தங்கள் குறுகும். இரண்டு வருடம், ஒவ்வொரு ஜூனிலும் இரு பக்கமும் விலகும் உரிமை என்பது வழக்கமாகும். ஆட்டமுறையை ஸ்போர்ட்டிங் டைரக்டர் தீர்மானித்து, அதற்கேற்ற பயிற்சியாளரை மாற்றி மாற்றி அமர்த்தும் கிளப்புகள் பட்டியலில் மேலே வரும்.

அதற்குள் இன்னும் இரண்டு கிளப்புகளாவது வசந்தகால வெற்றி வரிசையில் மயங்கி நீட்டிப்பு கொடுக்கும். அவற்றில் ஒன்று நவம்பர் சர்வதேச இடைவேளையில், புதியவருக்குப் பயிற்சிக்கு இரண்டு வாரம் கிடைக்கும் என்று சொல்லி, அந்த மேனேஜரையே அனுப்பும். என் விங்-பேக் ஜனவரியில் கடனாகப் போவார், பாதிச் சம்பளத்தைப் பழைய கிளப்பே கட்டும். மூன்று பேர் பின்வரிசை வைக்கும் ஒரு பயிற்சியாளரிடம், அநேகமாக இத்தாலியில். ஏப்ரலுக்குள் அவர் மறுபடி திரும்பிப் பார்க்காமல் பாய்ந்துகொண்டிருப்பார்.