பிறர் தொன்மத்துக்குள் ஓர் உடல்

கிரேக்கத் தொன்மத்தைத் தூக்கி விண்கலத்தில் ஏற்றிவிட்டால் போதுமா? ரிட்லி ஸ்காட்டின் 'ப்ரோமிதியஸ்' (2012) படத்தில் அந்தப் பெயர் கப்பலுக்குத்தான் பயன்பட்டது. நெருப்பைத் திருடியவனின் கலகம் எங்கே போச்சு?

கறுப்பின அமெரிக்கரான சாமுவேல் டிலனியின் 'தி ஐன்ஸ்டீன் இன்டர்செக்‌ஷன்' (1967) வேறு ரகம். (டிலனி வைத்த தலைப்பில் 'இருள்' இருந்தது, பதிப்பகம் மாற்றிவிட்டது.) பூமியில் மனிதர்கள் இல்லை. எங்கிருந்தோ வந்த வேற்றுயிர்கள் மனித உடலையும் மனிதத் தொன்மங்களையும் உடுத்திக்கொண்டு வாழப் பார்க்கின்றன. லோபிதான் ஆர்ஃபியஸ். அவன் கையிலிருப்பது யாழ் அல்ல, துளையிட்ட வெட்டுக்கத்தி. வெட்டுவதும் அதுதான், ஊதுவதும் அதுதான்.

நான் நின்றுபோன இடம் வேறு. 'சரியாக' அமைந்த உடல்களுக்கே பெயருக்கு முன்னால் லோ, லா, லே என்ற பட்டம். அமையாதவை பட்டமின்றிக் கூண்டுக்குள். யாருடைய உடலை வைத்து யாரை அளக்கிறார்கள்? செத்துப்போன மனித இனத்தின் அளவுகோல் அது! இரவல் தொன்மம் வெறும் கதையாக வருவதில்லை, அதிகாரமாகவே வருகிறது. இந்தப் பிரதியின் இருட்டு பாதாள லோகத்தில் இல்லை, ஊர் நடுவே அந்தக் கூண்டில் இருக்கிறது.

ஆனாலும் எனக்கொரு சண்டை பாக்கி. லோபி தேடிப்போகும் ஃப்ரீசா பேசாதவள். அதனாலேயே அவளுக்கு 'லா' கொடுக்கலாமா என்று ஊர் யோசிக்கிறது. தொடக்கத்திலேயே செத்தும் போகிறாள். பட்டத்தைக் கேள்வி கேட்கிற டிலனி, யூரிடிசியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாரே: ஆண் பாடுவதற்குக் காரணமாக, வாய் திறக்காமல்.