செல்லுக்குக் கொடுக்கும் செல்லம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் நாய்க்கடி ஊசிக்கு ஒரு வரிசை நிற்கும். தோலுக்குள் ஏறும் 0.1 மில்லி மருந்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்திய காலம் மலையேறி, தோளில் சுருக்கென்று சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. அந்தச் சுருக்குக்குப் பின்னால் எத்தனை நளினமான வளர்ப்புக் கலை இருக்கிறது என்று சற்று நின்று பார்ப்போம்.

அந்தக் கலை குடியிருப்பது நீலகிரியில். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் பிறந்தது. நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்து நாய்க்கடி மருந்து செய்தது. பிறகு ஆட்டின் இடத்துக்கு வீரோ செல் வந்தது; அபயராப் என்ற நாய்க்கடி மருந்து தயாராகும் ஊட்டியிலும் அதே செல்தான். 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் அது. குரங்கு போய்ச் சேர்ந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதன் செல்கள் மட்டும் இன்னும் இரண்டாய், நான்காய்ப் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் அவை நீந்தும் திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். கனிந்த செர்ரியின் அழகுச் சிவப்பு. ஃபீனால் ரெட் என்ற சாயம் செய்யும் ஜாலம் அது. சர்க்கரையைத் தின்ற செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கழிக்கக் கழிக்க, சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகும். காரம் ஏறினாலோ ரோஜா நிறம் படரும். கலனுக்குள் மின்முனை வைத்து அமில அளவை 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் பிடித்து வைக்கும் வசதியெல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் பழகிய கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கும். தாய் பிள்ளையின் முகம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வெப்பம் 37 டிகிரி. நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கலனை வைத்தால் சூடேற்ற வேண்டியிருக்காது, குளிரவைக்கத்தான் வேண்டியிருக்கும்!

வீரோ செல்லுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு: ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அந்தரத்தில் வளராது. 1967-இல் வான் வெசல் என்ற டச்சு அறிஞர் அதற்கொரு எழிலான வழி கண்டார். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத நுண்ணிய மணிகளைத் திரவத்தில் மிதக்கவிட்டார். ஒரு கிராம் மணியை ஊறவைத்தால் 4,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு உருண்டையின் மேலும் செல்கள் தட்டையாய்ப் படிந்து, ஒன்றோடொன்று விளிம்பு சேர்ந்து, பாவு கல் பதித்தாற்போல் ஒளிர்கின்றன.

மணிகள் அடியில் படியாதிருக்கக் கலக்க வேண்டும். இங்கேதான் கைப்பக்குவம். வேகம் கூடக் கூடத் திரவத்துக்குள் எழும் சுழல்கள் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய சுழல் மணியை அப்படியே தூக்கிச் சுற்றிக் கொண்டுபோகும். செல்லுக்கு ஒன்றும் ஆகாது. சுழல் சிறுத்துச் சிறுத்து மணியின் அளவுக்கு வந்துவிட்டால், செல்லை உரித்து எடுத்துவிடும். அந்த எல்லைக்கு இப்பால் நிறுத்திய நிதானமான சுழற்சியில் எவ்வளவு அடக்கம்!

மூச்சும் விட வேண்டுமே. லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் சுமார் 7 மில்லிகிராம்தான். செல்கள் அதைச் சடுதியில் குடித்துத் தீர்த்துவிடும். காற்றுக்குமிழி விட்டால் என்ன? விடலாம். ஆனால் மேலே வந்து குமிழி உடையும் அந்தக் கணத்தில், அதன் தோலில் ஒட்டியிருந்த செல்கள் செத்துப்போகும். வெடி என்றால் காதைப் பிளக்க வேண்டும் என்று பழகிய சிவகாசிக்காரர்களுக்கு, ஓசையே இல்லாத இந்த வெடி ஆச்சரியமாகத்தான் இருக்கும். அதைத் தணிக்கவும் நயமான வழிகள் உண்டு. குமிழியில் செல் ஒட்டாதபடி புளூரானிக் என்ற பொருளைத் துளி சேர்ப்பார்கள். அல்லது குமிழியே விடாமல், சிலிகோன் குழாயின் சுவர் வழியே ஆக்சிஜனைக் கசியவிடுவார்கள்.

உணவிலும் இதே இக்கட்டுதான். குளூட்டமின் இல்லாமல் செல் தழைக்காது; தழைத்தால் அம்மோனியா சேரும்; அம்மோனியா மிஞ்சினால் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல், பசியறிந்து சிறுகச் சிறுக ஊட்டுகிறார்கள்.

இத்தனை பார்த்தும் சில செல்கள் சாகும். அந்தச் சாவிலும் ஓர் ஒழுங்கு இருப்பதுதான் என்னை மயக்குகிறது. கடும் அடிபட்ட செல் வீங்கி, உடைந்து, உள்ளிருப்பதைக் கொட்டும். பட்டினியிலோ நஞ்சிலோ மெல்ல நலிந்த செல் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. தானே சுருங்கி, தன் டிஎன்ஏவைச் சீரான துண்டுகளாக நறுக்கி, எல்லாவற்றையும் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி வைக்கிறது. 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் இதற்கு அபொப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். உடம்புக்குள் என்றால் அக்கம்பக்கத்துச் செல்கள் அந்த மூட்டைகளை விழுங்கிவிடும். கலனில் எடுத்துப்போக ஆளில்லாமல், கட்டிய மூட்டை கடைசியில் அவிழ்ந்துதான் போகிறது.

பிழைத்தது எது, போனது எது என்று எண்ணுவதும் ஓர் அழகு. டிரைபான் புளூ சாயத்தில் ஒரு சொட்டு. உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது; முத்துப்போல் வெளிறி மின்னும். செத்தது நீலம் பாரித்துவிடும்.

எல்லாம் கூடிவந்து மணிகள் செல்லால் நிறைந்த பிறகே, நாய்க்கடி ஊசி மருந்துக்கு வேண்டிய வெறிநோய் வைரஸை விடுகிறார்கள். மனித மூளைக்குள் இரக்கமே காட்டாத அந்த வைரஸ், வீரோ செல்லிடம் வியக்கத்தக்க மென்மையோடு நடந்துகொள்கிறது. செல்லைச் சட்டென்று கொல்லாமல் அதன் தோலிலிருந்து அரும்பி வெளியேறுகிறது. ஆகவே வைரஸ் நிறைந்த திரவத்தை வடித்துக்கொண்டு, புதியதை ஊற்றி, அதே செல்களிலிருந்து மறுபடியும் அறுவடை செய்யலாம். போலியோ வைரஸிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. அது செல்லை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். ஒரே அறுவடையோடு சரி.