குடைச்சூற் சிலம்பு: அணியாக்கமும் காப்பிய ஆக்கமும்

சிலப்பதிகாரத்துள் வரும் அணிகலன்களைத் தொகுத்தோர் பலர். பாடகம், காற்சரி, குறங்குசெறி, தொய்யகம், புல்லகம் என அவர்தம் தொகுப்புகள் நீளும். பண்பாட்டு வரலாற்றுக்கு அவை பயன்படும். காப்பியத் திறனாய்வுக்குப் போதா. ஓர் அணி கம்மியன் கருத்தில் தோன்றிப் பொன்னும் மணியும் தேரப்பெற்று, வடிவெய்தி, உடலிற் சேரும் ஆக்கநெறி முழுவதையும் இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்பதும், அவ்வறிவைப் புனைந்துரைக்கு மட்டும் பயன்படுத்தாது கதையின் முடிச்சாகவே ஆக்கினார் என்பதும் எம் கருத்து.

முதற்கண் கடலாடு காதையை நோக்குவோம். மாதவி கடலாடப் புறப்படுமுன் பூணும் அணிகள் அடிமுதல் முடிவரை முறைப்படச் செல்கின்றன. இதனைப் பட்டியல் என்று கடந்து செல்வோர் ஒன்றை நோக்குதல் வேண்டும். விரலில் இருப்பது வாளைமீன் வாய் திறந்தாற் போன்ற மோதிரம். தலையில் இருப்பவற்றுள் ஒன்று வலம்புரி. கையில் சங்கும் பவழமும் வளையாயின. இடையிலும் தோளிலும் முத்து. கம்மியனுடைய கருத்துக்கும் கருவிக்கும் நீரே ஊற்றாக இருத்தலைக் காண்கிறோம். கடலுக்குச் செல்பவள் கடல் தந்தவற்றையே பூண்டு செல்கிறாள். தனித்தனி அணிகளாக அன்றி, ஒரே எண்ணத்தின்கீழ் அமைந்த தொகுதியாக இவற்றைக் கொள்ளின், அடுத்து வரும் கானல்வரிக்கு அவை எத்துணைப் பொருத்தமான தோற்றுவாய் என்பது புலனாகும்.

மாதவியின் அணிகள் உடல்மேல் வைத்துக் காட்டப்பட்டன. கண்ணகியின் சிலம்போ அங்ஙனம் காட்டப்படவில்லை. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் அது காலை நீங்கியதாகவே அறிமுகமாகிறது. கனாத்திறம் உரைத்த காதையில் அது விற்றற்குரிய பொருள். அதன் வடிவை நாம் முதன்முதற் காண்பது கொலைக்களக் காதையில், கோவலன் பொதி அவிழ்த்த பொழுதில், பொற்கொல்லனின் கண் வழியாக. இவ்விடத்து அடிகள் ஆளும் சொற்கள் அனைத்தும் பட்டறைச் சொற்கள். பத்தி என்பது வரிசை. கேவணம் என்பது கல் அழுத்தும் குழி. குடைச்சூல் என்பது உள்ளே குடையப்பட்டுச் சூல் கொண்டாற்போற் பரலைத் தாங்கிய அமைப்பு. மாணிக்கமும் வயிரமும் எவ்வாறு பதிக்கப்பட்டன என்பதுவரை சொல்லப்படுகிறது. அணிந்தவள் அழகு ஈண்டு இல்லை; செய்தவன் தொழிலே உளது.

குடைச்சூல் என்னும் சொல்லில் சற்றுத் தங்குதல் தகும். உள்ளீடற்ற பொன்னணிகள் நசுங்காமைப் பொருட்டு அவற்றுள் அரக்கு நிரப்புதல் கம்மியர் வழக்கம். சிலம்பில் அது கூடாது. நிரப்பின் பரல் அசையாது, ஒலியும் எழாது. ஆகவே வெறுமையைத் திட்டமிட்டே அமைத்தல் வேண்டும். தகட்டைக் குழலாக வளைத்துப் பரலை உள்ளிட்டுப் பற்றாசு வைத்து வாய் மூடுவர். பற்றாசுக்குத் தீ வேண்டும்; தீ கல்லுக்கு ஊறு செய்யும். ஆதலின் கேவணத்திற் கல் இழைத்தல் பின்னரே நிகழும். (நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்கும் ஆசுக்கும் இப்பற்றாசையே காரிகை உரைகாரர் உவமை காட்டினார், புலவர்க்கும் கொல்லர்க்கும் உறவு பழையது.) எனவே பரலே முதலில் உட்செல்கிறது, அதுவே முற்றும் மறைகிறது. முடிந்த அணியைக் கையிலேந்தி நோக்குவோர்க்குப் புறம் முழுவதும் தெரியும், அகம் தெரியாது. செய்தவனும் உடையவளுமே அதனை அறிவர். செய்யுங்கால் முதலில் மறைக்கப்பட்டதனைக் காப்பியம் இறுதியில், வழக்குரை காதையில், உடைத்துக் காட்டுகிறது. அடியார்க்கு நல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிட்டமையால் இவ்விடத்து அவர் உரை நமக்கு வாய்க்கவில்லை. தொழில்நுட்பச் சொற்களை விளக்குவதில் அவர்க்கிருந்த ஆர்வத்தை அறிந்தார் இவ்விழப்பை உணர்வர்.

இனி, ஊர்காண் காதை. மதுரை மணிக்கடை வீதியில் வயிரத்தின் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் நான்கும், மரகதத்தின் குற்றங்களும், காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் முத்துக்கு நேரும் குற்றங்களும் கூறப்படுகின்றன. பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் கொள்வோர்க்கு மயங்காதவாறு கொடிகள் எடுக்கப்பட்டுள்ளன. இப்பகுதி கதைக்கு வேண்டாத நூலறிவுக் காட்சி எனச் சிலர் கருதுவர். யாம் அதற்கு உடன்படோம். இவ்வீதிகளைக் கண்டு மகிழ்ந்து செல்பவன் கோவலன், வணிகன். ஒரு முத்தின் குற்றத்தையும் நோக்காது விலை பேசாத நகரம் அது. அந்நகரில், இரண்டு காதைகளுக்கு அப்பால், ஒரு சிலம்பு எவராலும் நோக்கப்படாமல் ஓர் உயிருக்கு விலையாகிறது. தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் அரசன் சிலம்பைக் கேட்டுப் பெற்று நோக்கவில்லை. அது கள்வன் கையதாகின் கொன்று கொணர்க என்றான். காவலர் கோவலன் தோற்றத்தை நோக்கிக் கள்வன் அல்லன் என்றனர். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டையும் விரித்துரைத்து அவர் வாயை அடைத்தான். பொருளை ஆராயவேண்டிய இடத்தில் நூல் பேசிற்று. ஊர்காண் காதை இன்றேல் இக்கொடுமையின் அளவு நமக்குத் தெரியாது.

ஆயின் ஒரு நெருடல் எஞ்சுகிறது. காப்பியத்துள் சிலம்பின் தொழில் முழுவதையும் ஊன்றி நோக்கியவன் ஒருவனே. அவனே கொலைக்குக் காரணன். அடிகள் கைத்தொழிலறிவை ஐயுற்றாரோ எனின், அன்று என்பதே எம் விடை. அவ்வறிவை வரிக்கு வரி மதித்தே அவர் பாடுகிறார். இழிவு சேர்வது பிறிதோரிடத்தில். வெற்றிவேற் செழியன் ஒரு பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் கூறுகின்றன. ஆராயாது ஒருவனைக் கொன்ற பிழைக்குக் கழுவாய், ஆராயாது ஆயிரவரைக் கொல்லுதல்! இதனைப் பத்தினியின் பெருமையாகக் கொண்டு கடந்து செல்லும் திறனாய்வு, வழக்குரை காதையில் கண்ணகி எதனைக் கேட்டாள் என்பதை மறந்துவிடுகிறது. அவள் கேட்டது நோட்டம். என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள், கொணர்ந்து வைக்கச் செய்தாள், உடைத்தாள். அம்மாணிக்கப் பரலை உள்ளிட்டு வாய் மூடியவனும் ஒரு பொற்கொல்லனே. அவன் பெயரையோ ஊரையோ காப்பியம் ஓரிடத்தும் கூறவில்லை.